ஆரஞ்சு ஆங்கிலச் சொல்லா? நாரத்தங்காயிலிருந்து ஒரு பதில்

9 நவம்பர் 2022, மாலை 6.40 (கேள்வி)

பெரும்பாறையிலிருந்து தாண்டிக்குடி போகிற வழியில் ஒரு கடைப் பலகை பார்த்தேன். "மலை ஆரஞ்சு கிடைக்கும்" என்று எழுதியிருந்தார்கள். மலை நம்முடையது, மரம் நம்முடையது, பழத்துக்கு மட்டும் ஏன் வெள்ளைக்காரன் வைத்த பெயர்? கிச்சிலி என்று பழைய சொல் இருக்கிறது. இலங்கைத் தமிழர்கள் தோடம்பழம் என்கிறார்கள். இதில் ஒன்றை எழுதக் கூடாதா? ஆரஞ்சு சுத்தமான ஆங்கிலச் சொல் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது.

9 நவம்பர், இரவு 9.15

அந்தப் பலகை எங்கள் கடையுடையது. எழுதியது நான்தான். போன வாரம், நீலப் பெயிண்டில்.

கிச்சிலி நல்ல சொல். தோடம்பழமும் நல்ல சொல். யாராவது அப்படி எழுதினால் சந்தோஷப்படுவேன். ஆனால் ஆரஞ்சு சுத்தமான ஆங்கிலச் சொல் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆங்கிலத்துக்கே அது வெளியிலிருந்து வந்த சொல். எங்கள் வீட்டுப் பரணில் ஒரு ஜாடி உப்பு நாரத்தங்காய் இருக்கிறது. அந்த நாரத்தையும் பலகையில் இருக்கும் ஆரஞ்சும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒன்று ஊரிலேயே தங்கிவிட்டது. இன்னொன்று பல தேசம் போய்விட்டு வேறு உடுப்பில் திரும்பி வந்திருக்கிறது.

மீதி காலையில். இங்கே மழை, கரண்டு போய்ப் போய் வருகிறது.

10 நவம்பர், காலை 6.20

சொல் போன வழியைச் சொல்கிறேன்.

சமஸ்கிருதத்தில் நாரங்க. அந்தச் சொல்லை சமஸ்கிருத வேர் எதிலிருந்தும் இயல்பாகப் பிரித்துக் காட்ட முடியாது. பெரிய ஆங்கில அகராதிகள் பலவும் அதற்கு முன்னால் திராவிட மொழிகளைக் காட்டுகின்றன: தமிழில் நாரத்தை, மலையாளத்தில் நாரங்ஙா, தெலுங்கில் நாரிஞ்ஜ. பாரசீகத்தில் அது நாரங் ஆயிற்று. அரபியில் நாரஞ்ஜ். 'தங்கம்' என்று சொல்லும்போது நம் வாயில் வருகிற அந்தக் க ஒலி செவ்வியல் அரபியில் கிடையாது. அதனால் அந்த இடத்தில் ஜ போட்டுக்கொண்டார்கள். இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பிறகு இதற்கே திரும்பி வருவேன்.

அரேபியர் அந்த மரத்தை சிசிலிக்கும் ஸ்பெயினுக்கும் கொண்டுபோய் நட்டார்கள். ஸ்பானிய மொழியில் இன்றும் நரான்ஹா, முதலில் இருக்கும் 'ந' அப்படியே இருக்கிறது. இத்தாலியில் அரான்சா, பழைய பிரெஞ்சில் ஒரெஞ்ச். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு 1400-ஐ ஒட்டிப் போய்ச் சேர்ந்தது. ஆங்கிலேயர் 'எ நாரஞ்ச்' என்பதை 'ஆன் ஆரஞ்ச்' என்று தப்பாகப் பிரித்து 'ந'வைத் தொலைத்துவிட்டார்கள். அப்புறம் போர்த்துக்கீசியர் வழியாக அது தமிழுக்குத் திரும்பி வந்தது.

10 நவம்பர், பகல் 1.05

காலையில் எழுதியதில் இரண்டு தப்பு. கடையில் உட்கார்ந்து யோசித்தபோது பிடிபட்டது.

முதல் தப்பு, போர்த்துக்கீசியர். சாவி, ஜன்னல், அலமாரி, மேசை, அன்னாசி எல்லாம் அவர்கள் வழியாக வந்தவை. அந்தப் பழக்கத்தில் இதையும் அவர்கள் கணக்கில் எழுதிவிட்டேன். போர்த்துக்கீசிய மொழியில் இந்தப் பழம் லரஞ்ஜ. முதல் எழுத்து 'ல'. அவர்களிடம் வாங்கியிருந்தால் நாம் இன்று லாரஞ்சு என்றோ இலரஞ்சு என்றோ சொல்லிக்கொண்டிருப்போம். நம் வாயில் 'ஆ' என்று தொடங்குவதால் கடைசிக் கை ஆங்கிலம்தான். கேட்டவர் அந்த அளவுக்குச் சரியாகவே சொன்னார்.

இரண்டாவது, 'ந' தொலைந்த இடம். ஆங்கிலத்துக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே அது போய்விட்டது. இத்தாலியிலும் பிரான்சிலும் 'ஒரு' என்று பொருள் தரும் சொல் ன் ஒலியில் முடியும். 'ஊனா நரான்சா' என்று வேகமாகச் சொல்லும்போது அந்த 'ந' முன்சொல்லோடு ஒட்டிக்கொண்டு 'ஊன் அரான்சா' ஆகிவிட்டது. பிரெஞ்சில் பொன்னுக்கு 'ஓர்' என்று பெயர். பொன்னிறப் பழம் என்ற நினைப்பு முதல் எழுத்தை 'ஒ' பக்கம் தள்ளியது. லத்தீனில் எழுதியவர்களும் பொன்னைக் குறிக்கும் அவுரும் என்ற சொல்லோடு பொருத்தி அவுரான்டியும் என்று வைத்துக்கொண்டார்கள். செடிநூலில் இன்றைக்கும் அந்தப் பெயர்தான்.

ஆங்கிலத்திலும் இப்படிப் பிரித்ததில் ந தொலைத்த சொற்கள் உண்டு. சமையலறையில் கட்டிக்கொள்ளும் ஏப்ரன் முன்பு நேப்ரன். விரியனுக்கு அவர்கள் சொல்லும் ஆடர் முன்பு நாடர். ஆரஞ்சு அந்தப் பட்டியலில் சேராது.

10 நவம்பர், இரவு 8.30

ஒருவர் கேட்டார்: ஒரு எழுத்து இப்படி ஒரு சொல்லிலிருந்து இன்னொரு சொல்லுக்குத் தாவுமா, நம்பவே முடியவில்லையே என்று.

நமக்கு இது புதிதே இல்லை. பள்ளியில் செம்பொன்பதின்றொடி படித்தோமே. செம்பொன் பதின் தொடியா, செம்பு ஒன்பதின் தொடியா? குன்றேறாமா இன்னொன்று. குன்று ஏறு ஆமா என்றால் காட்டுமாடு குன்றில் ஏறுகிறது. குன்று ஏறா மா என்றால் விலங்கு ஏறவே இல்லை. எழுத்து அதேதான், வெட்டுகிற இடம்தான் வேறு. எங்கள் தமிழாசிரியர் இதைச் சொல்லித்தந்த அன்று ஜன்னலுக்கு வெளியே உண்மையிலேயே ஒரு காட்டுமாடு தேயிலைச் சரிவில் நின்றுகொண்டிருந்தது. அதனால் எனக்கு மறக்கவில்லை.

12 நவம்பர், காலை 7.00

இரண்டு நாளாக மேகம் இறங்கிக் கிடக்கிறது. எதிர்ச் சாரியில் டீக்கடை வைத்திருப்பவர் கோட்டயத்துக்காரர். சேட்டனிடம் போய் "நாரங்ஙா என்றால் உங்களுக்கு என்ன?" என்று கேட்டேன். எலுமிச்சம்பழத்தைத் தூக்கிக் காட்டினார். அவருக்கு எலுமிச்சைச் சாறு நாரங்ஙா வெள்ளம். ஆரஞ்சை மதுரநாரங்ஙா என்றும் சொல்வோம், இப்போது பிள்ளைகள் ஓரஞ்சு என்கிறார்கள் என்றார்.

அந்தச் சொல்லின் வாலைப் பாருங்கள். மாங்காய் அவர்களுக்கு மாங்ஙா. தேங்காய் தேங்ஙா. அப்படியென்றால் நாரங்ஙா? நாரம், காய். தமிழில் நாரங்காய். அந்த 'ங்காய்' சமஸ்கிருதத்தில் 'ங்க' என்று நின்றது, பாரசீகத்தில் 'ங்' ஆயிற்று, அரபியில் 'ஞ்ஜ' ஆயிற்று, கடைசியில் நம்மிடமே 'ஞ்சு' என்று திரும்பி வந்திருக்கிறது. ஆரஞ்சு என்பதன் கடைசியில் இருக்கிற அந்த 'ஞ்சு' நம்முடைய 'காய்' என்பதன் தேய்ந்த மிச்சம். இது உறுதியாக நிறுவப்பட்ட முடிவு அல்ல, கருத்துதான். ஆனாலும் வேறு எந்த விளக்கத்தையும்விட எனக்கு இது பொருந்துகிறது. மாங்காய்க்கும் இதேதான் நடந்தது. மாங்ஙா போர்த்துக்கீசியத்தில் மங்கா ஆகி, ஆங்கிலத்தில் மேங்கோ ஆனது. அது யாரும் மறுக்காத கதை.

இதை எழுதும்போது எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. சும்மா சொல்லவில்லை.

12 நவம்பர், காலை 11.40

அப்படியானால் 'நாரம்' என்ன? நாறுவதால் நாரம். பழைய தமிழில் நாறுதல் என்றால் மணத்தல். கருப்பூரம் நாறுமோ என்று ஆண்டாள் கேட்டது நல்ல மணத்தைத்தான். இன்றைக்கு நாற்றம் என்றால் மூக்கைப் பிடித்துக்கொள்கிறோம், அது பிற்கால மாற்றம். நாரத்தை இலையைக் கசக்கி முகர்ந்தவர்களுக்கு வேறு சான்றே வேண்டாம்.

13 நவம்பர், இரவு 10.10

மேலே 11.40-க்கு எழுதியதை நம்பாதீர்கள்.

மணத்தல் என்ற நாறுதலில் வருவது வல்லின ற. நாரத்தையில் வருவது இடையின ர. கோட்டயத்துக்காரர் வாயிலும் இரண்டும் வேறு வேறாகத்தான் ஒலிக்கிறது. அவரை இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். தமிழும் மலையாளமும் இந்த இரண்டு எழுத்தையும் இத்தனை நூற்றாண்டாகக் கலக்காமல் வைத்திருக்கின்றன. அரமும் அறமும் ஒன்றா? கரையும் கறையும் ஒன்றா? பொருள் இனிக்கிறது என்பதற்காக எழுத்தை விட்டுக்கொடுத்தால் எந்தச் சொல்லையும் எந்தச் சொல்லோடும் ஒட்டவைத்துவிடலாம்.

இதை நானே கண்டுபிடிக்கவில்லை. கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகள் படித்துவிட்டு, "சித்தப்பா, ர-வும் ற-வும் உங்களுக்கு ஒன்றா?" என்று ஒரே வரியில் கேட்டாள்.

14 நவம்பர், காலை 5.50

தூக்கம் வரவில்லை. ர-வோடு ஒரு சொல் இருக்கிறது என்பது விடிகாலையில் நினைவுக்கு வந்தது. நரந்தம்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்குகிறார் அல்லவா, அதில் ஒரு வரி "நரந்தம் நாகம் நள்ளிருள்நாறி". உரைகளில் நரந்தத்துக்கு நாரத்தம்பூ என்று பொருள் சொல்கிறார்கள். அதே வரியில் நள்ளிருள்நாறியும் வருகிறது, நடு இரவில் மணக்கும் பூ. ஆக, ஒரே வரிக்குள் ர-வும் ற-வும் தனித்தனியாக நிற்கின்றன. எழுதியவருக்குக் குழப்பமே இல்லை. குழம்பியது நான்.

புறநானூறு 132-இல் இமயத்துக் கவரிமான் "நரந்தை நறும்புல்" மேய்கிறது. அங்கே நரந்தை ஒரு வாசனைப் புல். பூவுக்கும் புல்லுக்கும் ஒரே பெயர் வந்தால், இரண்டுக்கும் பொதுவாக இருப்பது மணம்தானே? மணம் என்ற எண்ணத்தைக் கைவிட வேண்டாம், நாறுதல் வழியாகப் போகாமல் நரந்தம் வழியாகப் போகலாம் என்று படுகிறது. நரந்தத்தில் குறில், நாரத்தையில் நெடில், அந்த இடைவெளி இருக்கத்தான் செய்கிறது. அதனால் இதைப் பலகையில் எழுத மாட்டேன். மனதில் வைத்துக்கொள்வேன்.

14 நவம்பர், மாலை 4.25

அண்ணன் மகள் பதில்: "இது பரவாயில்லை."

17 நவம்பர், இரவு 9.00

யானைக் கதையை மூன்று பேர் அனுப்பிவிட்டார்கள். ஒரு யானை ஆரஞ்சை அளவில்லாமல் தின்று வயிறு வெடித்துச் செத்ததாம், அதனால் அந்த மரத்துக்கு நாகரங்க என்று பெயராம், நாகம் என்றால் சமஸ்கிருதத்தில் யானையும்தானாம்.

நாகரங்க என்ற வடிவம் சமஸ்கிருதத்தில் இருப்பது உண்மை. யானை செத்த கதை பிறகு கட்டியது. புரியாத சொல் ஒன்று வந்தால் அதற்குள் தெரிந்த சொல்லைத் தேடுவது மனித இயல்பு. சொல்லைக் கொஞ்சம் நீட்டி, தெரிந்த ஒன்றை அதற்குள் உட்காரவைத்து, பிறகு அதற்கு ஒரு கதையும் சொல்லிவிடுவோம். எங்கள் பக்கம் யானை வருவது பலாவுக்கும் வாழைக்கும்தான். பலாப்பழம் பழுக்கும் மாதங்களில் இரவு எட்டு மணிக்கு மேல் யாரும் தனியாக நடக்க மாட்டோம். யானை எதைத் தேடி வரும் என்பதைத் தோட்டத்தில் காவல் இருந்தவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

20 நவம்பர், பகல் 2.15

ஒரு நல்ல எதிர்வாதம் வந்திருக்கிறது. இதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். "எலுமிச்சைக் குடும்பமே இமயமலை அடிவாரத்தில் தோன்றியது, 2018-இல் மரபணு ஆராய்ச்சியே அப்படிச் சொல்லிவிட்டது. பிறகு எப்படித் தெற்கில் பெயர் பிறந்திருக்கும்?"

ஆராய்ச்சி சொல்வது சரி. அசாம், யுன்னான், அதையொட்டிய இமயத்தின் தென்கிழக்குச் சரிவுதான் அந்தக் குடும்பத்தின் தாய்வீடு. நாரத்தை மரமும் ஒரு காலத்தில் நம் பக்கம் வந்து சேர்ந்ததுதான். ஆனால் மரம் பிறந்த இடமும் பெயர் பிறந்த இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. மிளகாய் அமெரிக்கச் செடி. பெயர் யாருடையது? மிளகும் காயும் நம்முடையவை. எங்கள் தோட்டத்துக் காபி எத்தியோப்பியச் செடி, பெயர் அரபியில் கஹ்வா, துருக்கியில் கஹ்வே, டச்சில் கோஃபி என்று நடந்து வந்தது. பழத்தைப் பார்த்தவர் எல்லாரும் பெயர் வைப்பார்கள். அடுத்த ஊருக்கு விற்றவர் வைத்த பெயர்தான் பயணம் போகும்.

20 நவம்பர், பகல் 2.40

அதற்காக "ஆங்கிலேயன் தமிழிடமிருந்து ஆரஞ்சைத் திருடினான்" என்று எழுதியிருக்கும் நண்பரோடும் நான் இல்லை. யாரும் யாரிடமும் திருடவில்லை. தமிழ், மலையாளம், தெலுங்கு எல்லாவற்றிலும் உறவுச் சொல் இருக்கும்போது தமிழ் மட்டும் முன்னால் வந்து நிற்பது நியாயம் இல்லை. தென்னாட்டுச் சொல் என்று சொன்னால் போதும், அதுவே பெரிய பெருமை.

26 நவம்பர், இரவு 8.50

இன்று அப்பத்தாவோடு நாரத்தங்காய் அரிந்தேன். இந்த மாதத்தில் யாரும் போட மாட்டார்கள், காய வைக்க வெயில் வேண்டும். காற்றில் காய்கள் உதிர்ந்துவிட்டதால் வேறு வழி இல்லை.

காயை உள்ளங்கையில் வைத்து, மேலிருந்து கீழே அறுபடாமல் சுற்றிச் சுற்றி ஒரே சுருளாக அரிய வேண்டும். விரித்தால் நீள வேண்டும், விட்டால் மறுபடி காயாக மூடிக்கொள்ள வேண்டும். அப்பத்தா கத்தியை அசைக்கவில்லை, காயைத்தான் திருப்பினார்கள். எனக்கு மூன்றாவது சுற்றில் அறுந்தது. சுருளுக்குள் கல்லுப்பைத் திணித்து ஜாடியில் போட்டு மூடிவைத்தோம். உப்பில் ஊறியதும் எடுத்து வெயிலில், வெயில் இல்லாவிட்டால் அடுப்புக்கு மேலே பரணில், மறுபடி அந்த உப்புநீரில், மறுபடி பரணில். கடைசியில் வெளியே உப்புப் பூத்து, தோல் சுருங்கிக் கெட்டியாகிவிடும். தயிர்ச் சோற்றுக்கு ஒரு துண்டு போதும். பித்தத்துக்கும் அதுதான் மருந்து என்பார்கள் அப்பத்தா.

அரியும்போது தோலிலிருந்து எண்ணெய் தெறித்தது. கரண்டு இல்லாததால் பக்கத்தில் மெழுகுவத்தி. தெறித்த எண்ணெய் சுடரில் பட்டுப் பட்டென்று பொரிந்தது. சின்ன வயதில் ஆரஞ்சுத் தோலை மடித்து விளக்கின் மேல் பீய்ச்சி விளையாடுவோம், அதே பொறி, கிட்டத்தட்ட அதே வாசனை. கண்ணை மூடிக்கொண்டால் எது நாரத்தை எது ஆரஞ்சு என்று சொல்வது கஷ்டம்.

26 நவம்பர், இரவு 9.30

இலைகள் மிச்சம் இருந்தன. நாளை வேப்பிலைக்கட்டி இடிப்போம். பெயர்தான் வேப்பிலை. உள்ளே இருப்பது நாரத்தை இலை, எலுமிச்சை இலை, மிளகாய், உப்பு, புளி. பெயரை நம்பி வேப்பமரத்தைத் தேடிப் போகக் கூடாது. யானைக் கதை அனுப்பியவர்கள் கவனிக்க.

3 டிசம்பர், காலை 10.20

ஒரு விஷயத்தை இத்தனை நாள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இந்த வழித்தடத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அரேபியர் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோன பழம் இனிப்பு ஆரஞ்சு அல்ல. கசப்பும் புளிப்புமான நாரத்தை வகை. இனிப்பு வகை 15ஆம் நூற்றாண்டின் கடைசிவாக்கில்தான் அங்கே பரவத் தொடங்கியது, அதைப் பரப்பியதில் போர்த்துக்கீசியருக்குப் பெரிய பங்கு. அதனால் பல மொழிகளில் இனிப்புப் பழத்துக்கு அவர்கள் நாட்டின் பெயரையே வைத்துவிட்டார்கள். அரபியில் புர்துகால். பாரசீகத்தில் போர்த்தெகால். கிரேக்கத்தில் போர்த்தோகாலி. துருக்கியில் போர்த்தகால். நாரஞ்ஜ் என்ற பழைய பெயர் கசப்புப் பழத்தோடு நின்றுவிட்டது. கிரேக்கத்தில் இன்றும் நெரான்சி என்றால் கசப்புப் பழம்தான்.

நம்மிடமும் அதேதான் நடந்திருக்கிறது. புளிப்பும் கசப்பும் நாரத்தை. இனிப்பு ஆரஞ்சு. தெஹ்ரானில் ஒரு பாட்டி நாரஞ்ஜைத் தனியாகவும் போர்த்தெகாலைத் தனியாகவும் வைத்திருப்பது போலவே என் அப்பத்தாவும் வைத்திருக்கிறார்கள். ஒரே வித்தியாசம், அந்தப் பாட்டிக்கு இரண்டாவது சொல் வேற்று நாட்டின் பெயர். என் அப்பத்தாவுக்கு இரண்டு சொல்லும் ஒரே சொல்.

ஆங்கிலேயரோ பழைய பெயரைத் தூக்கி இனிப்புப் பழத்துக்குக் கொடுத்துவிட்டு, கசப்புப் பழத்தை செவில் ஆரஞ்சு என்று ஊர்ப்பெயர் போட்டு அழைக்கிறார்கள். அதைத்தான் சர்க்கரையில் காய்ச்சி மார்மலேடு செய்கிறார்கள். நாம் உப்பில் போட்டோம்.

3 டிசம்பர், மாலை 5.00

மார்மலேடு பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: போர்த்துக்கீசிய மர்மெலாட. மர்மெலோ என்பது சீமைமாதுளை. அதற்குப் பின்னால் கிரேக்கத்தில் தேனும் ஆப்பிளும் சேர்ந்த மெலிமேலோன். முதலில் அதில் ஆரஞ்சே கிடையாது.

11 டிசம்பர், இரவு 9.45

நிறத்தைப் பற்றி. ஆங்கிலத்தில் அந்த நிறத்துக்கு 16ஆம் நூற்றாண்டு வரை தனிப் பெயர் இல்லை. பழம் வந்த பிறகுதான் நிறத்துக்குப் பெயர் கிடைத்தது. அதற்கு முன் பழைய ஆங்கிலத்தில் மஞ்சளையும் சிவப்பையும் ஒட்டவைத்து 'யெயொலுரெயாட்' என்று ஒரு சொல் சொன்னார்கள். மஞ்சட்சிவப்பு. ராபின் குருவிக்கு மார்பு அப்பட்டமான ஆரஞ்சு நிறம், ஆனாலும் பெயர் செம்மார்பு என்று பொருள்பட இருக்கிறது. பெயர் வைத்த காலத்தில் வேறு சொல் இல்லை.

நாம் செம்மஞ்சள் என்கிறோம். அவர்கள் ஒட்டியதும் இதே இரண்டு சொல், வரிசைதான் மாற்றம். ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததாக இருக்க வழியே இல்லை. கடையில் துணி கேட்கிறவர்கள் "ஆரஞ்சு கலர்" என்கிறார்கள், பழத்திலிருந்து நிறத்துக்கு, ஆங்கிலம் போன அதே பாதையில். எனக்குச் செம்மஞ்சள் பிடிக்கும். மாலையில் மேகம் விலகி மேற்கே வெளுக்கிற அந்த ஐந்து நிமிடத்துக்கு வேறு சொல் பொருந்தாது.

11 டிசம்பர், இரவு 10.05

ஆரஞ்சு என்று பெயர் கொண்ட டச்சு அரச குடும்பத்துக்கும் பழத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று ஒருவர். பெயர் தற்செயலாக ஒத்துப்போனது. அந்தக் குடும்பப் பெயர் தென் பிரான்சில் ஒராஞ்ச் என்ற ஊரிலிருந்து வந்தது. ரோமானியர் காலத்தில் அதன் பெயர் அரௌசியோ. கி.மு. 105-லேயே அந்தப் பெயரில் ஒரு பெரிய போர் நடந்திருக்கிறது, பழம் அந்தப் பக்கம் வருவதற்கு ஆயிரம் வருடத்துக்கு மேல் முன்னால். ஊரின் பெயரும் பழத்தின் பெயரும் தேய்ந்து தேய்ந்து ஒரே ஒலியில் வந்து நின்றன. அதன் பிறகு அந்தக் குடும்பம் பழத்தின் நிறத்தையே தன் நிறமாக எடுத்துக்கொண்டது. ஒலி ஒத்துப்போவது மட்டும் சான்றாகாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நாறுதலில் நான் விழுந்த குழியும் இதுதான்.

8 ஜனவரி 2023, காலை 7.30

தோட்டக்கலை படித்த ஒருவர் திருத்தியிருக்கிறார், அவர் சொல்வது முழுக்கச் சரி. நான் பலகையில் எழுதிய மலை ஆரஞ்சு, கொடை ஆரஞ்சு, கமலா ஆரஞ்சு, நாக்பூர் ஆரஞ்சு, குடகு ஆரஞ்சு எல்லாமே தோல் தளர்ந்து கழன்று வரும் மாண்டரின் வகை. செடிநூலில் இனிப்பு ஆரஞ்சு என்பது நாம் சாத்துக்குடி என்று ஜூஸ் போடுகிற பழம்.

சரி, மாண்டரின் என்ற சொல்லையும் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். சீன அரசு அதிகாரிகளுக்குப் போர்த்துக்கீசியர் வைத்த பெயர் அது, மந்தரிம். அதை அவர்கள் மலாய் மொழியின் மெந்தெரியிலிருந்து எடுத்தார்கள். மலாய்க்காரர் சமஸ்கிருதத்தின் மந்த்ரினிலிருந்து எடுத்தார்கள்.

மந்திரி! ஆரஞ்சு என்று எழுதினாலும் தென்னாடு, மாண்டரின் என்று திருத்தினாலும் நாம் தினமும் பேப்பரில் படிக்கிற மந்திரி. இந்தப் பழத்துக்கு எந்தப் பெயரைத் தொட்டாலும் பழக்கமான முகம்தான் எட்டிப் பார்க்கிறது.

22 ஜனவரி, இரவு 8.15

"கடையில் விற்கும் பழம் உங்கள் மரத்துப் பழமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாதிக்கு மேல் எங்களுடையது அல்ல. பக்கத்துத் தோட்டங்களில் வாங்குகிறேன்.

அப்பாவிடம் காபிக்கு நடுவே நிறைய ஆரஞ்சு மரம் இருந்தது. காய் சுமந்து கிளை தரையைத் தொடும். ஒரு தடவை வெளியூர் நாற்றுப்பண்ணை ஒன்றில் வாங்கிய கன்றுகளை இடைநடவு போட்டார், எந்தப் பண்ணை என்பது இங்கே வேண்டாம். அடுத்த சில வருடத்தில் இலை ஒரு பக்கம் மஞ்சளும் ஒரு பக்கம் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக ஆனது. காய் சிறுத்துக் கோணலாக வந்தது, பழுக்க வேண்டிய நேரத்தில் அடிப்பக்கம் பச்சையாகவே நின்றது. நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வந்து மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. சாறுறிஞ்சும் சின்னஞ்சிறு பூச்சி ஒன்று கொண்டுவரும் பாக்டீரியா அது. அப்பா மரங்களை வெட்டி அடுக்கியபோது யாரோடும் பேசவில்லை. அந்த இடத்தில் இப்போது மிளகும், சௌசௌப் பந்தலும், நாலு பட்டர் ஃப்ரூட் மரமும் இருக்கின்றன.

அந்த நோய்க்கு ஆங்கிலத்தில் கிரீனிங், பச்சையாதல். சீனத்தில் ஹுவாங்லாங்பிங், அதில் ஹுவாங் என்றால் மஞ்சள். ஒருவர் பழத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார், இன்னொருவர் இலையைப் பார்த்து வைத்தார். அப்பா இரண்டையும் பார்த்தார். அவர் பெயரே வைக்கவில்லை.

5 பிப்ரவரி, காலை 6.45

மேலே எழுதியதோடு தொடர்புடைய ஒன்று, விட்டுப்போனது. மத்தியதரைக்கடல் நாடுகளில் நீண்ட காலமாக இனிப்பு ஆரஞ்சைக் கசப்பு நாரத்தை வேரின் மேல்தான் ஒட்டுக்கட்டி வளர்த்தார்கள். நாரத்தை வேர் ஈரத்தையும் வேர் அழுகலையும் தாங்கும். 1930, 40-களில் டிரிஸ்டிசா என்ற வைரஸ் பிரேசிலிலும் அர்ஜென்டினாவிலும் அப்படி ஒட்டிய மரங்களை லட்சக்கணக்கில் கொன்றபிறகுதான் வேறு வேருக்கு மாறினார்கள். நம் பக்கம் ஜம்பேரி எலுமிச்சையும் ரங்பூர் எலுமிச்சையும் அடிமரம் ஆகின்றன.

19 பிப்ரவரி, மாலை 6.10

கேள்வி கேட்டவர் நேரில் வந்திருந்தார். தாண்டிக்குடி பாலமுருகனைக் கும்பிட்டுவிட்டு இறங்குகிற வழியில், பலகையைப் பார்த்து வண்டியை நிறுத்தியிருக்கிறார். அவர் சொல்லித்தான் இவர்தான் அவர் என்று தெரிந்தது. அரை மணி நேரம் பேசினோம். ர, ற விஷயத்தில் அண்ணன் மகள் பக்கம் நின்றார். 'ஞ்சு'வுக்குள் காய் இருக்கிறது என்பதை இன்னும் முழுசாக நம்பவில்லை என்றார். கிச்சிலியை விடக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார், அது எனக்கும் சரியாகவே பட்டது.

பலகையில் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. அதே நீலப் பெயிண்டில் இரண்டு வரி சேர்த்தேன். இப்போது பலகை இப்படி இருக்கிறது:

மலை ஆரஞ்சு கிடைக்கும்
(கிச்சிலி)
உப்பு நாரத்தங்காய் கிடைக்கும்

அவர் ஒரு கிலோ பழமும் கால் கிலோ நாரத்தங்காயும் வாங்கிப் போனார். அப்பத்தாவின் ஜாடியில் அதுதான் கடைசி. இனி பங்குனி வெயிலில் போட்டால்தான் உண்டு.